தாவர மூலக்கூறு உயிரியலில் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி: அந்தப் பத்து வாரத்தில் என்ன நடக்கிறது?

கல்லூரி பிராக்டிக்கலில் செய்முறை கையேட்டில் இருக்கும், விடை சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் நாம் செய்துகாட்ட வேண்டும், அவ்வளவுதான். கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி இதற்கு நேர் எதிர். ஒரு ஆராய்ச்சிக் குழு பல வருடமாகப் பின்தொடரும் பெரிய கேள்வி ஒன்றிலிருந்து சின்னத் துண்டை எடுத்து, இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர் ஒருவரிடம் எட்டு முதல் பத்து வாரத்துக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு விடை மாணவருக்கும் தெரியாது, கூட இருந்து சொல்லிக்கொடுப்பவருக்கும் தெரியாது, எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பயிற்சி என்றதும் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுப்பது) போடக் கற்றுக்கொள்வது, ஜெல் (அந்த நகல்களை நீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பது) ஓட்டக் கற்றுக்கொள்வது, கடைசியில் ஒரு சான்றிதழ் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவையெல்லாம் நடக்கும், ஆனால் அவற்றுக்காக யாரும் பத்து வாரம் ஒதுக்க வேண்டியதில்லை.

முதலில் தாவர மூலக்கூறு உயிரியல் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். செடிக்குள் எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது, அது என்ன புரதத்தைத் தயாரிக்கிறது, அந்தப் புரதம் இல்லாமல் போனால் செடிக்கு என்ன ஆகும் என்பவைதான் இதன் கேள்விகள். நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரகங்கள் வெள்ளத்தில் ஒரு வாரத்துக்கு மேல் முழுசாக மூழ்கினால் போய்விடும். ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து வந்த எஃப்ஆர்13ஏ என்ற ரகம் மட்டும் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். அதற்குப் பின்னால் இருக்கும் சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். மற்ற ரகங்கள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டுவதற்காகச் சேமிப்பையெல்லாம் செலவழித்து நீண்டு வளரும்போது, இந்த மரபணு உள்ள செடி வளர்ச்சியை நிறுத்தி மாவுச்சத்தைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறது. அதே மரபணுவைச் சுவர்ணா என்ற புகழ்பெற்ற ரகத்துக்குள் மரபான இனக்கலப்பு வழியாகவே கொண்டுவந்து, 2009இல் இந்தியாவில் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு மரபணு ஒரு வயலின் தலையெழுத்தை மாற்றுகிறது என்றால் அதை நம்ப முடியாமல் போகலாம், ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் தினமும் தேடுவது அப்படிப்பட்ட தொடர்பைத்தான்.

இந்தப் பயிற்சியை ஒரு தேசிய ஏற்பாடாகவே ஆக்கியது அமெரிக்கா. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் தொடங்கிய ஆர்இயூ (இளநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சி அனுபவம்) என்ற திட்டம் இன்றும் நடக்கிறது. ஒரு பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிலையமோ பணத்துக்கு விண்ணப்பித்து வாங்கி, பத்துப் பேர் அளவில் ஒரு கோடைக் குழுவைச் சேர்க்கும். அதில் சிலர் வேறு ஊர்களிலிருந்து, ஆராய்ச்சி வசதியே இல்லாத சின்னக் கல்லூரிகளிலிருந்து வர வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. மாணவருக்கு உதவித்தொகை உண்டு, பெரும்பாலும் தங்குமிடமும் பயணச் செலவும் உண்டு. தாவரவியலில் இதற்குப் பேர்பெற்ற இடங்கள் இரண்டைச் சொல்லலாம். ஒன்று நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில், கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பாய்ஸ் தாம்சன் நிலையம். இன்னொன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் 1998இல் தொடங்கிய டான்ஃபோர்த் தாவர அறிவியல் மையம். பாய்ஸ் தாம்சன் நிலையத்தைத் தொடங்கியவர் சுரங்கத் தொழிலில் பணம் சம்பாதித்த வில்லியம் பாய்ஸ் தாம்சன். 1917இல் செஞ்சிலுவைக் குழுவோடு ரஷ்யாவுக்குப் போனவர், அங்கே பார்த்த பசியை மறக்காமல், தாவரங்களை ஆராய்வதற்கென்றே 1924இல் ஒரு நிலையம் திறந்தார். இன்று அங்கே கோடையில் வரும் மாணவர்களில் ஒருவருக்குத் தக்காளியைத் தாக்கும் பாக்டீரியா, இன்னொருவருக்குப் பழம் பழுப்பது என்று விதவிதமான வேலை கிடைக்கிறது.

சரி, ஏன் பத்து வாரம்? அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கோடை விடுமுறை ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான விஷயத்தை யாரும் முதல்நாள் சொல்லித் தருவதில்லை, அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்: இந்தத் துறையில் காலெண்டரைத் தீர்மானிப்பது செடி. பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும், ஈஸ்ட் இரண்டு மணி நேரத்தில் ஆகும், செடி அப்படி அவசரப்படாது. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் விதை முளைக்கும்போதுதான் முளைக்கும். ஆகவே ஒரு கோடைத் திட்டம் நல்ல திட்டமா இல்லையா என்பதற்கு முதல் அளவுகோல், அந்தச் செடியின் வாழ்நாளில் எந்தப் பகுதி உங்கள் பத்து வாரத்துக்குள் அடங்குகிறது என்பதுதான்.

இதனால்தான் உலகம் முழுக்கத் தாவர லேப்களில் அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடி ராஜாவாக இருக்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது, சாப்பிடவோ விற்கவோ உதவாது. ஆனால் விதையிலிருந்து மறுபடி விதை வரைக்கும் இரண்டு மாதத்தில் முடித்துவிடும், சின்னத் தட்டில் நூறு நாற்று நிற்கும், தன் பூவில் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். இதன் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 13 கோடி டிஎன்ஏ எழுத்துகள்தான், கோதுமைக்கு ஏறக்குறைய 1,600 கோடி. 2000ஆம் ஆண்டு, டிஎன்ஏ எழுத்துகள் முழுசாகப் படிக்கப்பட்ட முதல் தாவரம் இதுதான். அப்புறம் நடந்தது இன்னும் பெரிய உதவி. கலிஃபோர்னியாவின் சால்க் நிலையம் அராபிடாப்சிஸின் பல ஆயிரம் மரபணுக்களில், ஒவ்வொரு செடி வம்சத்திலும் ஏதோ ஓரிடத்தில், ஒரு அந்நிய டிஎன்ஏ துண்டைச் செருகி மரபணுவை உடைத்து வைத்தது. எது எங்கே செருகியிருக்கிறது என்ற பட்டியல் 2003இல் வெளியானது. உங்களுக்கு ஒரு மரபணுவின் வேலை தெரிய வேண்டுமா? அது உடைந்த விதையை ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்திலுள்ள விதை மையத்திலிருந்து தபாலில் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த விதை வந்து சேர்ந்ததும் மாணவர் என்ன செய்வார் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஏராளமான கோடைத் திட்டங்களின் ஆரம்பம் இதுதான்.

விதையை நீர்த்த பிளீச்சிலோ ஆல்கஹாலிலோ கழுவிக் கிருமி நீக்கி, உப்புச் சத்துகள் கலந்த அகர் என்ற ஜெல்லி பரப்பிய தட்டில் விதைத்து, இருட்டில் 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று விதைக்குத் தெரிவித்து, எல்லா விதையும் ஒன்றுபோல முளைக்க வைப்பதற்காக இது. பிறகு தட்டு 22 டிகிரியில் விளக்கொளி அறைக்குப் போகும். ஒரு வாரம் பத்து நாளில் நாற்றுகளை மண்ணுக்கு மாற்றுவார்கள். இலைகள் கொஞ்சம் பெரிதானதும், ஒவ்வொரு செடியிலிருந்தும் பொட்டு அளவு இலையைக் கிள்ளி, குட்டிக் குழாயில் போட்டு நசுக்கி, டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பார்கள். செடி உயிரோடு இருக்கும், எந்தக் குழாய் எந்தச் செடி என்பதை மட்டும் கவனமாக எழுதி வைக்க வேண்டும்.

இப்போது கேள்வி: இந்தச் செடியில் மரபணு உடைந்திருக்கிறதா? செடிக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, தாய்வழி ஒன்று தந்தைவழி ஒன்று. இரண்டும் நல்லதாக இருக்கலாம், இரண்டும் உடைந்திருக்கலாம், ஒன்று நல்லது ஒன்று உடைந்தது என்றும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே டிஎன்ஏவில் இரண்டு பிசிஆர் போடுகிறார்கள். முதல் பிசிஆரில், செருகல் இருக்க வேண்டிய இடத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு ப்ரைமர் (நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் குட்டி டிஎன்ஏ துண்டு). பிரதி நல்லதாக இருந்தால் நடுத்தர நீளத்தில் ஒரு பட்டை (ஜெல்லில் தெரியும் கோடு) வரும், நடுவில் பல ஆயிரம் எழுத்து நீளத்துக்கு அந்நியத் துண்டு உட்கார்ந்திருந்தால் நகலெடுக்கும் நொதிக்கு அந்த நேரத்துக்குள் அவ்வளவு தூரம் போக முடியாது, பட்டை வராது. இரண்டாவது பிசிஆரில் ஒரு ப்ரைமர் செருகலுக்குள்ளேயே இருக்கும், செருகல் இருந்தால்தான் பட்டை. முதலாவதில் மட்டும் பட்டை என்றால் இயல்பான செடி, இரண்டாவதில் மட்டும் என்றால் இரண்டு பிரதியும் உடைந்த செடி, இரண்டிலும் என்றால் கலப்பு.

கலப்புச் செடி ஒன்று தானே மகரந்தம் சேர்த்துக்கொண்ட விதைகளிலிருந்து 24 நாற்று வளர்த்தால், மெண்டல் கணக்குப்படி 6 இயல்பு, 12 கலப்பு, 6 முழுசாக உடைந்தது என்று எதிர்பார்க்க வேண்டும். அச்சாக அப்படியே வராது, 4 வரலாம், 8 வரலாம். ஆனால் முழுசாக உடைந்த செடி ஒன்றுகூட இல்லை என்றால்? முதல் முறை ஆராய்ச்சிக்கு வந்தவருக்கு ஏதோ தப்பாகப் போட்டுவிட்டோம் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு நாற்றும் அப்படி இல்லாமல் இருக்க நாலில் மூன்று வாய்ப்பு, 24 நாற்றும் இல்லாமல் இருக்க அதை 24 முறை பெருக்க வேண்டும், விடை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்குக் குறைவு. அப்போது இன்னொரு வாய்ப்பை யோசிக்க வேண்டும்: அந்த மரபணு இல்லாமல் கருவே வளரவில்லையோ? சரிபார்க்க வழி இருக்கிறது. கலப்புச் செடியின் பச்சைக் காயை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பிளந்து பார்த்தால், வரிசையாக இருக்கும் விதைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று வெளுத்தோ சுருங்கியோ இருக்க வேண்டும். செடி பூத்துக் காய்க்க ஆறு ஏழு வாரம் ஆகும், உங்களிடம் பத்து வாரம் இருக்கிறது. முதல் வாரமே விதைத்திருந்தால் இதற்கு விடை உங்கள் கையிலேயே கிடைக்கும், மூன்றாவது வாரம் விதைத்திருந்தால் பெரும்பாலும் அடுத்து வருபவருக்குத்தான் கிடைக்கும். காலெண்டரைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

மேலே சொன்ன எதுவும் கன்ட்ரோல், அதாவது சரிபார்க்க வைக்கும் ஒப்பீட்டுக் குழாய், இல்லாமல் செல்லாது. ஒவ்வொரு பிசிஆர் வரிசையிலும் டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு குழாய் இருக்க வேண்டும், அதில் பட்டை வந்தால் எங்கோ கலப்படம், அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்கு. இயல்பான செடியின் டிஎன்ஏ உள்ள ஒரு குழாயும் வேண்டும், முதல் பிசிஆர் சரியாக ஓடுகிறது என்று அது காட்டும். ஒரு செடிக்கு இரண்டு பிசிஆரிலும் எதுவுமே வரவில்லை என்றால் அந்தச் செடியைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, டிஎன்ஏ சரியாக வரவில்லை என்று மட்டும்தான் தெரியும். பட்டை இல்லாததற்கும் மரபணு இல்லாததற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைப் புரிந்துகொள்வதுதான் என் பார்வையில் கோடைப் பயிற்சியின் மிகப் பெரிய லாபம். பைப்பெட் பிடிக்க மூன்று நாள் போதும், தன் முடிவையே சந்தேகப்பட்டு அதைச் சரிபார்க்க ஒரு குழாய் சேர்க்கும் பழக்கம் வர பல வாரம் ஆகிறது.

இரண்டு மாதம் காத்திருக்க முடியாத கேள்விகளுக்குக் குறுக்கு வழியும் இருக்கிறது. நிகோட்டியானா பெந்தாமியானா என்று ஒரு செடி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, புகையிலைக்கு உறவு. நான்கைந்து வாரச் செடியின் இலை அடிப்பக்கத்தில் ஊசி இல்லாத சிரிஞ்சை அழுத்தி, அக்ரோபாக்டீரியம் கலந்த நீரை உள்ளே தள்ளுவார்கள். இந்த பாக்டீரியா இயற்கையிலேயே தன் டிஎன்ஏவில் ஒரு பகுதியைச் செடியின் செல்லுக்குள் அனுப்பும், அந்தப் பகுதிக்குப் பதிலாக நமக்கு வேண்டிய மரபணுவை வைத்துவிட்டால் அதையும் அனுப்பும். சால்க் நிலையத்தின் செருகல்களும் இதே பாக்டீரியா செய்தவைதான். ஜெல்லிமீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிரும் புரதத்தை நம் புரதத்தோடு ஒட்டி அனுப்பினால், இரண்டு மூன்று நாளில் நுண்ணோக்கியில் அந்தப் புரதம் செல்லின் உட்கருவில் இருக்கிறதா, சவ்வில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். திங்கட்கிழமை செலுத்தி வியாழக்கிழமை படம் எடுக்கலாம் என்பதால் கோடை மாணவர்களுக்கு இது அடிக்கடி கிடைக்கும் வேலை. ஒரு எச்சரிக்கை: இலை தன் தேவைக்குச் செய்வதைவிட மிக அதிகமாக அந்தப் புரதத்தைச் செய்துவிடும், அளவுக்கு மீறிச் செய்த புரதம் இருக்கக்கூடாத இடத்திலும் போய்த் தேங்கும், ஆகவே இதில் பார்த்ததை வேறு முறையிலும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கையில் மண்ணே படாத திட்டங்களும் உண்டு. ஏற்கெனவே வெளியான ஆர்என்ஏ (இயங்கும் மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்) தரவுகளை இறக்கி, வறட்சியில் எந்த மரபணுக்கள் அதிகம் இயங்கின என்று கணினியில் தேடுவது அதில் ஒன்று. பைத்தான் அல்லது ஆர் (R) என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், செடிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அன்றாடம் உங்களோடு இருப்பது பேராசிரியர் இல்லை, அவருடைய குழுவில் இருக்கும் பிஎச்டி மாணவரோ, பிஎச்டி முடித்த போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளரோதான். அவர் யார், அவருக்குச் சொல்லித்தர நேரம் இருக்கிறதா, கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதவரா என்பதுதான் உங்கள் கோடை எப்படிப் போகும் என்பதைப் பெருமளவு முடிவு செய்யும். நிலையத்தின் பெயரைவிட இது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாரம் ஒரு முறை லேப் மீட்டிங் இருக்கும், எல்லோரும் தங்கள் முடிவுகளை எல்லோர் முன்னாலும் வைப்பார்கள். முதல் இரண்டு மீட்டிங்கில் பாதிக்கு மேல் புரியாது. புரியாத சொற்களைக் குறித்துவைத்து அன்றே கேட்டுவிட்டால் நான்காவது வாரம் நீங்களே கேள்வி கேட்பீர்கள். நோட்டுப் புத்தகம் தினமும் எழுத வேண்டும், வேறொருவர் அதைப் பார்த்து அதே வேலையைத் திரும்பச் செய்ய முடிகிற அளவுக்கு. கடைசி வாரத்தில் ஒரு போஸ்டர் அல்லது சின்னப் பேச்சு. பத்து வாரத்தில் ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருவது அபூர்வம், அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம், பாதி முடிந்த வேலையைத் தெளிவாக ஒப்படைத்துவிட்டு வந்தாலே அந்தக் குழுவுக்கு நீங்கள் பெரிய உதவி செய்திருக்கிறீர்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நல்ல கோடைத் திட்டம் மாணவருக்குப் பணம் கொடுக்கும். கோடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால்தான் அடுத்த செமஸ்டர் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளையும் லேபுக்கு வர வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது. நம் ஊரில் மாணவரிடமே பல ஆயிரம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் பிசிஆர், ஜெல், வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் முறை) எல்லாம் காட்டிச் சான்றிதழ் தரும் பயிற்சிகள் இருக்கின்றன. கருவியைக் கண்ணால் பார்க்க அவை உதவலாம். ஆனால் அங்கே விடை தெரியாத கேள்வி எதுவும் இல்லை, ஆகவே அதை ஆராய்ச்சி அனுபவம் என்று நான் சொல்ல மாட்டேன், கடன் வாங்கி அதில் சேராதீர்கள்.

ஆர்இயூ பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். இந்தியாவில் படிப்பவர்களுக்கு நெருக்கமான வழி, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) என மூன்று ஊர்களைத் தலைமையிடமாகக் கொண்டவை அவை. இரண்டு மாதம், மாத உதவித்தொகையோடு, நாட்டின் ஏதாவது ஒரு ஆராய்ச்சியாளரிடம் அனுப்புவார்கள், ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூருவின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையமும் தனியாக இரண்டு மாத ஃபெலோஷிப் தருகிறது. வெளிநாடு என்றால், இங்கிலாந்தின் நார்விச்சில் உள்ள ஜான் இன்ஸ் மையம் பல நாட்டு இளநிலை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கோடைப் பள்ளி நடத்தியிருக்கிறது. எதுவானாலும் அந்தந்த வருட விதிகளை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பார்த்துவிடுங்கள், தகுதியும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும்.

விண்ணப்பத்தில் எழுதும் கட்டுரைதான் பலருக்கும் சறுக்கும் இடம். சின்ன வயதிலிருந்தே செடிகள் பிடிக்கும் என்று தொடங்கும் கட்டுரை தேர்வுக் குழுவுக்கு எதையும் சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட கேள்வியை எழுதுங்கள். எங்கள் வயலில் ஒரே பாத்தியில் சில தக்காளிச் செடி மட்டும் வாடல் நோயில் தப்பித்தது ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும், அதற்கு எதிர்ப்பு மரபணுக்கள் பற்றி இவ்வளவு படித்தேன், உங்கள் குழு செய்யும் இந்த வேலை அதற்கு இப்படி நெருக்கமாக இருக்கிறது என்று நாலு வரி எழுதினால் போதும், அதைப் படிப்பவர் உங்களோடு பத்து வாரம் பேச முடியும் என்று நம்புவார். மதிப்பெண் சுமாராக இருந்தாலும் இது எடுபடும். பரிந்துரைக் கடிதம் உங்களை உண்மையிலேயே தெரிந்த ஆசிரியரிடம் வாங்குங்கள், துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் வேண்டாம், கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அகாடமிகளின் விண்ணப்பம் வழக்கமாக முந்தைய வருடத்தின் இறுதி மாதங்களிலேயே திறந்து மூடிவிடும், அமெரிக்கத் திட்டங்கள் பல ஜனவரி, பிப்ரவரியில் மூடும். அடுத்த மே மாதம் லேபில் இருக்க வேண்டும் என்றால் தசரா விடுமுறையில் எழுத உட்கார வேண்டும்.